முதல் சொல் எடுத்துக் கொடுத்தவர்

எங்கள் பேருந்துப் பணிமனையில் பிரேக் சரிபார்க்கும் வேலையில் இருந்தவரை எல்லோரும் ஓரத்தண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். புருஷனை அண்ணன் என்று கூப்பிட்ட பெண்பிள்ளை எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பட்டப்பெயர் வந்தது நாடகத்தால். பணிமனை ஆட்கள் சேர்ந்து நாடகக் குழு ஒன்று வைத்திருந்தோம். அண்ணன் மேடை ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவனுக்கு முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். முதல் சொல் மட்டும்தான். இரண்டாவதையும் எதிர்பார்த்தால் முறைப்பார். ஒருவன் வேண்டுமென்றே நிறுத்துகிறானா, மறந்துபோய் முழிக்கிறானா என்று அவன் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். என் விஷயத்தில் அந்தச் சிரமமே அவருக்கு இல்லை. நான் எப்போதும் மறந்துபோய்தான் நிற்பேன். அதனால் எனக்குப் பிணம் வேஷம் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் தும்மிவிட்டேன். அதன் பிறகு போலீஸ் வேஷம்தான் எனக்கு.

அண்ணி டிக்கெட் கவுன்டரில் இருந்தார். மேடை ஏறினால் ராணி, நீதிபதி, கொடுமைக்கார மாமியார். மாமியார் வேஷத்தில் அவர் கத்திய கத்தலில் முன்வரிசையில் இருந்த நிஜ மாமியார்கள் நெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மகளைக் கட்டிய மருமகனுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்காது. "இந்தக் கூத்தால யாருக்கு என்ன லாபம் மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அண்ணன் சிரிப்பார்.

ஒருநாள் கவுன்டரிலேயே அண்ணி சரிந்துவிட்டார். மூளையில் ரத்தம் உறைந்துவிட்டதாம். வலது கை போனது, பேச்சும் போனது. ஆள் அடையாளம் தெரிகிறது, சொன்னால் புரிகிறது, ஆனால் தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வரும். கவுன்டரில் நாள் முழுக்க ஊர் உலகத்தை ஏசித் தீர்த்த வாய் அது. மருத்துவமனைக் கட்டிலில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

நான் பார்க்கப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. அண்ணி மேசையைப் பார்த்து எதையோ கேட்கிறார். சீப்பா, துண்டா, மாத்திரையா, எங்களுக்கு விளங்கவில்லை. வாய் திறந்தபடி நிற்கிறது. அண்ணன் பழக்கதோஷத்தில் காதோரம் குனிந்து, "தளபதியாரே" என்று முணுமுணுத்தார்.

"தளபதியாரே, என் வாளைக் கொடுங்கள்!"

கணீரென்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் சிரித்தாள். அண்ணன் சீப்பை எடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா விளக்கினார். "இப்படி நடக்கிறது உண்டுங்க. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினது சில பேருக்கு உள்ளே தங்கியிருக்கும். அதை விடாதீங்க. கூடவே சொந்தமாப் பேசவும் நேரம் கொடுங்க."

முதல் பாதியை அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வீடு வசனத்தால் நடந்தது. "வாளைக் கொடுங்கள்" என்றால் சீப்பு. "அடுத்த வழக்கு" என்றால் சாப்பிட்டாயிற்று, தட்டை எடு. "இந்த வீட்டில் நீயா நானா?" என்றால் தொலைக்காட்சியை மாற்று. மேடையில் பேசியது விளக்கை அணைத்ததும் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது அண்ணிக்குள் ஒரு மூலையில் சாப்பாடு கேட்கவும் சண்டை போடவும் காத்துக்கிடந்திருக்கிறது.

ஒத்திகையையும் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோனோம். அண்ணி நாற்காலியில் நீதிபதியாக உட்கார, நான் குற்றவாளியை இழுத்துக்கொண்டு வருவேன். சத்தம் தாங்கவில்லை என்று எப்போதும் புகார் சொல்லும் மாடிவீட்டு அம்மாள் மெதுவாக இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மறுநாள் அவளே தலையணையும் கொண்டுவந்தாள். மருமகனும் ஓரமாக நின்று பார்த்தார். லாபக் கணக்கு எதுவும் கேட்கவில்லை.

மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்பா, கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன். அம்மா வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க எடுத்துக் கொடுத்துடுறீங்க. அவங்களுக்குன்னு சொல்ல ஒண்ணும் இருக்காதா?"

"அவ திண்டாடுறாம்மா. மேடையில ஒரு நாள் அவளைத் திண்டாட விட்டிருப்பேனா?"

"இது மேடை இல்லப்பா. அம்மா."

மகள் சொன்னது சரி என்று அண்ணனுக்கும் தெரியும். ஊரார் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தவருக்குத் தன் பெண்டாட்டி வாய் திறந்து நின்றால் மட்டும் பொறுக்க முடியாது.

ஒரு மத்தியானம் நான் போயிருந்தேன். அண்ணன் தேநீரை ஆற்றி அண்ணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி டம்ளரை விலக்கிவிட்டு அவரையே பார்த்தார். மெதுவாக, யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரு சொல் வந்தது.

"நீங்க..."

எந்த நாடகத்திலும் அண்ணி அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் குனிந்தார். "நீங்கள் போருக்குப் போனால்..."

அண்ணி தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி வாயைக் குவித்தார். "நீ..."

"நீதி தவறினால்? நீயா நானாவா? தொலைக்காட்சி வேணுமா?"

"அண்ணே, சும்மா இருங்கண்ணே," என்றேன்.

அண்ணி இடது கையைத் தூக்கி அவர் வாயைப் பொத்தினார். அண்ணன் அப்படியே உறைந்துபோனார். நாங்கள் காத்திருந்தோம். அண்ணியின் உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. வெளியே ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். வந்த சொல் வந்த வழியே திரும்பிவிட்டது. அண்ணி கையை எடுத்து, அவர் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே மறுபடி தாக்கியது. இந்தத் தடவை மருத்துவமனை வரைகூடப் போகவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "'நீங்க'ன்னு ஆரம்பிக்கிற வசனம் எதுடா? எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

"அது வசனம் இல்லண்ணே."

"தெரியும்," என்றார். "தெரியும்டா."

பல மாதம் கழித்து, வற்புறுத்தி அவரை மறுபடி முக்காலியில் உட்கார வைத்தோம். ராணி வேஷத்துக்குக் கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். நடுக்காட்சியில் அவள் நின்றுவிட்டாள். மறந்துபோய்த்தான் நின்றாள், அது எனக்கே தெரிந்தது. கண் படுதாப் பக்கம் போய்ப் போய் வருகிறது. அண்ணன் எடுத்துக் கொடுக்கவில்லை. முன்னால் சாய்ந்து, தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கத்தில் இருமல் கிளம்பியது. வேறு வழியில்லாமல், அடுத்த நாடகத்துக்கு வேஷம் கட்டி நின்ற நான் போலீஸ் தொப்பியோடு உள்ளே புகுந்தேன். ராஜா காலத்து அரண்மனைக்குள் போலீஸ்! சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உள்ளே வந்ததும் குழுச் செயலாளர் அண்ணனிடம் பாய்ந்தார். "தூங்கிட்டீங்களா? அந்தப் பொண்ணு எப்படி முழிச்சிட்டு நின்னுச்சு பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை கொடுத்தா என்ன?"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன்டா உள்ள போனே? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சொல்லியிருப்பாடா. வாய் வரைக்கும் வந்துடுச்சுடா அவளுக்கு."

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.