சாயங்கால டாக்டரை நிறுத்தியவர்கள்

‘என் வரிப்பணம்’ என்று மேசையைத் தட்டுகிறீர்களே, கட்ட வேண்டியதை ஒழுங்காகக் கட்டினீர்களா?

பொன்னாத்தாள் சோப்புக்கட்டி வாங்கும்போதெல்லாம் வரி கொடுப்பவள். சித்தூருக்குக் கிழக்கே, கோயமுத்தூர்ப் பக்கத்து எல்லையோரத்து ஊரில், சென்னிமலை என்பவரின் தேங்காய் நார் மில்லில் வேலை. மில்லின் தூசி அவள் நெஞ்சில் குடியேறிப் பல வருடமாகிறது. மாலையில் வேலை விட்டதும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி சுகாதார நிலையத்துக்கு நடப்பாள். பஞ்சாயத்துச் சம்பளத்தில் வரும் சாயங்கால டாக்டர் மிஷினில் மருந்துப்புகை கொடுப்பார். அன்றிரவு படுத்துத் தூங்கலாம். பகலில் போனால் கூலி போய்விடும்.

கிராம சபையில் செக்ரட்டரி எழுந்து, வரி வசூல் இல்லாததால் சாயங்கால டாக்டரை நிறுத்துவதாகச் சொன்னார். ஊர் முகப்பில் வளைவு கட்ட மட்டும் பணம் இருந்தது.

“நல்லதாப் போச்சுங்க,” என்றார் சென்னிமலை. “எனக்குத் தலவலின்னா கோயமுத்தூர் போயிக்கறேன். ஊரான் நோவுக்கு நா ஏனுங்க வரி கட்டோணும்?”

கூட்டம் சிரித்தது. பொன்னாத்தாள் எழுந்தாள்.

“ஊரான் நோவு இல்லீங்க பண்ணாடி. உங்க மில்லுத் தூசிங்க.”

வார்டு மெம்பர் தனபால் பதறினார். “மில்லுன்னு சொல்லாதக்கா. வரி ரிஜிஸ்டர்ல அது மாட்டுக் கொட்டாய், வரி கெடையாது.”

“அப்பச் செரிதானுங்க. எங்களயும் மாடாட்டந்தான நிறுத்தி வெச்சிருக்கறாரு.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டினார். “நாளைக்கு வேலைக்கு வராத பொன்னாத்தா. டாக்டர்கிட்டயே போயி நில்லு.”

மறுநாளிலிருந்து வேலையும் இல்லை, டாக்டரும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறாள். மில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வரி கொள்ளை என்று சிலர் எழுதுகிறார்கள். சோப்பு வாங்குகிறவளிடம் பிடுங்கி, மில்காரரை விட்டுவைத்தால் கொள்ளைதான். மூச்சுத் திணறுகிறவளுக்கு மருந்து வைக்க எல்லாரிடமும் வாங்கினால் அது நியாயம். ஆளாளுக்கு ஒரு டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் பஞ்சாயத்து என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு மாட்டுக் கொட்டகை கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பாக்கியை முதலில் கட்டுங்கள். பிறகு கிராம சபைக்குப் போய், அதை உடனே அளந்து வரி போடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு பொன்னாத்தாளைத் தனியாக எழுந்து நிற்க விடாதீர்கள்.