படத்தின் இடது மூலையில் கிடந்தவன்

ஆம்பூரில் எங்கள் முதலாளி கட்டிய புது பங்களாவின் கூடத்தில் நான் செத்துக் கிடந்தேன். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பல்லெல்லாம் இருந்தது, மத்தியானம் ஒரு குண்டான் சோறு இறங்கியது. ஆனாலும் செத்துத்தான் கிடந்தேன். படத்தில்.

முதலாளியின் தகப்பனார் தோல் வியாபாரத்துக்கு வருமுன் ரயில் பாதைக்கு மண்வேலை காண்ட்ராக்ட் எடுத்தவர். காட்பாடியிலிருந்து தெற்கே போகிற சின்ன லைன் போட்ட காலம் அது. அந்தப் பெருமையைக் கூடத்தில் மாட்டவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. சென்னப்பட்டணத்திலிருந்து ஓர் ஓவியர் வந்து இறங்கினார். ஒல்லி மனிதர். சுவரளவு துணியை இழுத்துக் கட்டி, பகல் முழுக்க அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். படத்தின் நடுவில் முதலாளியின் தகப்பனார், குடையும் பூட்ஸுமாக. பக்கத்தில் தொப்பி போட்ட துரை. பின்னால் மண் கூடை சுமக்கும் ஆண்களும் பெண்களும். அந்தக் கூலிக்காரர்களின் புஜத்தைப் பார்த்தால் மூன்று வேளையும் கறி தின்றவர்கள் மாதிரி இருந்தது. தூரத்தில் புகை விட்டுக்கொண்டு ஓர் எஞ்சின் வேறு.

ஊர் ஊராக வண்டி கட்டிப் போய்ப் பச்சைத் தோல் வாங்கி வரும் பாய் எனக்கு தோஸ்த். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா மேஸ்திரி, மண்ணே இன்னும் கொட்டி முடியல, அதுக்குள்ள வண்டி வந்துட்டுது?" என்றார்.

ஓவியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலை இடது மூலையில் இருந்தது. அங்கே ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று கிடந்தது.

"அந்த மூலையில கனமா ஒண்ணு இருந்தாத்தான் படம் நிக்கும். ஒரு பிணத்தைப் போடலாம்னு பாக்கறேன். ரயில் பாதை போட்ட இடத்துல சாவு இல்லாமலா இருந்திருக்கும்?"

தோல் பதனிடும் எங்கள் டேனரியில் அதற்குப் படுக்க ஆள் அகப்படவில்லை. சுண்ணாம்புக் குழியின் நாற்றத்துக்கே அசராத ஆட்கள், பிணமாகப் படு என்றதும் ஓட்டம் பிடித்தார்கள். நான் பட்டைக் கிடங்கு மேஸ்திரி. தோல் பதப்படுத்தும் ஆவாரம்பட்டையின் தூசியில் தும்மித் தும்மி அலுத்தவன். தவிர, நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் கிணற்றில்கூட குதிக்கிற பிறவி. "படுத்துக் கெடக்க ஆளு வேணுமா? இத்தினி நாளும் சும்மாவே படுத்துட்டேனே!" என்று போய்ப் படுத்தேன். மார்பு வரை கோணி. ஒரு கால் வெளியே. வாய் லேசாகத் திறந்து. நடுவில் எழுந்து வெற்றிலை கேட்டேன். ஓவியர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேஸ்திரி, பிணம் பேசாது."

படம் முடிந்ததும் டேனரியே வந்து பார்த்தது. "அய்யய்யோ, அப்டியே நம்ம மேஸ்திரி!" என்று ஒரே சிரிப்பு. எல்லோரையும்விட நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் காலைப் பார்த்தேன். பட்டைத் தண்ணீர் ஏறாத தோலுக்கு ஒரு வெளிறல் உண்டு. நாள் முழுக்க அதைப் பார்த்துப் பழகியவன் நான். என் பாதத்தில் அந்த வெளிறல் இருந்தது. கூடைக்காரப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். படத்தில் அத்தனை பேரில் ஒருவர்கூடக் குனிந்து என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு உதறல். சோற்றில் கை வைத்தால் நெஞ்சு தொண்டையில் வந்து அடித்தது. பல்லி சொன்னால் எனக்கு. நாய் ஊளையிட்டால் எனக்கு. பக்கத்துத் தெருவில் சாவுச் சங்கு ஊதினால், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றேன். கிடங்கில் ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டே பட்டையை எடை போட்டேன். இரண்டும் தப்பாக வந்தன.

என் சம்சாரம்தான் வழி சொன்னாள். "காக்கா தலையில தட்னாலே பொய்யா சாவு சேதி அனுப்பி, சொந்தக்காரங்கள அழ வெச்சி தோஷம் கழிக்கிறோம். நீ மூஞ்சி மொகரையோட செத்துட்டு வந்து நிக்கற. ரத்த சொந்தம் ஒண்ணு அழுவணும்யா. இல்லன்னா படம் பலிச்சிடும்."

"நீ அழேன்."

"நா எப்டி அழுவறது? நீதான் எதுர்ல குந்திகினு சோத்தப் பெசையறியே!"

ரத்த சொந்தம் என்று எனக்கு இருந்தது நாட்றம்பள்ளி அக்கா ஒருத்திதான். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அப்பாவை நான் பார்த்ததே இல்லை. நான் வயிற்றில் இருக்கும்போது ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அம்மா விட்டதில்லை.

சேதி கொண்டு போக பாயைக் கேட்டேன். "பொய் சொல்லி அழ வெச்சி ஆயுச வாங்குவீங்களா? நல்ல பேஜாரு ஒங்களோட," என்றார். ஆனாலும் போனார். சாவைச் சொல்லவேண்டும், ஒரு சொட்டு விழுந்ததும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். அதுதான் ஏற்பாடு.

திரும்பி வந்த பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்னேன் மேஸ்திரி. ஒங்க அக்கா முறத்துல கேவுரு பொடச்சிட்டு இருந்திச்சி. கையி நிக்கல. 'நீ பாத்தியா?'ன்னு கேட்டுது. பாத்தேன்னு சொல்ல நாக்கு வரல, 'கேள்விப்பட்டேன்'னேன். 'பாத்தவன் வந்து சொல்லட்டும்'னு மறுபடி பொடைக்குது. அப்பறம் படத்து கதய உள்ளபடி சொல்லிட்டேன். வெயில்ல வந்தியேன்னு மோரு குடுத்திச்சி."

என் சாவுக்கு மோர் கொடுத்திருக்கிறாள் அக்கா!

சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். சேதி போய் அழுகை வராமல் போனால் தோஷம் இரட்டிப்பாம். நான் பாய் விரித்துப் படுக்க மறுத்தேன். மல்லாந்து படுத்தால் படம் மாதிரி இருந்தது. குந்தியபடியே கண்ணயர்ந்து, சாய்ந்து, சுவரில் மண்டையை இடித்துக்கொண்டு, 'வந்துட்டுது' என்று அலறினேன்.

அந்த வாரமே அக்கா பஸ் ஏறி வந்தாள். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சோறு எறங்குதா?"

"இல்லக்கா."

"எந்தப் படம்டா? காட்டு."

பங்களாவில் ஓவியர் மட்டும் படத்துக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். அக்காவை மூலைக்கு எதிரே நிறுத்தினேன். "நல்லாப் பாரு. ரொம்ப வேணாம், கண்ணு லேசா கலங்கினாக்கூட போதும்," என்று கெஞ்சினேன். அக்கா குந்தி உட்கார்ந்தாள். காலைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள், அப்புறம் முகம். அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது நீ இல்லடா."

"சாட்சாத் மேஸ்திரிதாம்மா," என்றார் ஓவியர், கொஞ்சம் ரோஷத்தோடு.

"ஒங்களுக்குத் தெரியாது சாமி. இவனுக்கு வயசு ஏற ஏற எங்க அப்பா மூஞ்சி அப்டியே எறங்கிட்டுது. நா சொன்னதில்ல." என் பக்கம் திரும்பினாள். "லைன் வேலைலேர்ந்து ஒருத்தன் வந்து சொன்னான்டா. பேதி கண்டு போய்ட்டாரு, கோணி போட்டு மூடி லைன் ஓரமாவே பொதச்சிட்டாங்கன்னு. அம்மா கேட்டா, 'நீ பாத்தியா?'ன்னு. 'கூட இருந்தவங்க சொன்னாங்க'ன்னான். 'வாய் சேதிக்கு அழக்கூடாது, அழுதா நெசமாயிடும்'னு சொல்லிட்டா. தாலிய கழட்டல. ஊரே கேலி பண்ணுச்சி, பொட்டு அழிக்கல. நா அழுதா வாய்லயே அடிச்சா. நீ அப்ப பொறக்கல."

அக்கா கை நீட்டி அந்த வெளிறிய காலைத் தொட்டாள். விரலில் சாயம் ஒட்டியது.

அப்புறம் மாரில் அடித்துக்கொண்டாள். "கூடை தூக்கிப் போனியே, உன்ன மூடக் கோணிதான் கெடச்சுதா" என்று ஆரம்பித்த குரல், கூடத்து விட்டத்தில் முட்டியது. நாற்பது வருஷத்துக்கும் மேல் அடைத்து வைத்த அழுகை. ஓவியர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார். பின்கட்டிலிருந்து சமையல்காரர் ஓடி வந்தார்.

நான் என்ன செய்தேன்? அந்த நேரத்திலும் என் புத்தி, இந்தக் கண்ணீர் எனக்குச் சேருமா சேராதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ரத்த சொந்தம்தான், சொட்டும் விழுந்துவிட்டது. ஆனால் எனக்காக இல்லையே! சம்சாரத்திடம் கேட்டதற்கு, "அழுதாளா இல்லியா? அதெல்லாம் போதும்," என்றாள். எனக்குப் போதவில்லை.

புது வீட்டில் ஒப்பாரி கேட்ட சேதி முதலாளிக்குப் போனது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் அந்தப் பிணம் படத்தில் இருக்கக்கூடாது என்று உத்தரவு. ஓவியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேல ஒரு மண்குவியல் போட்டுடறேன் மேஸ்திரி. கனமும் குறையாது. ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யலாம்னுதான்."

அக்காவும் கூட வந்தாள். நான் அதற்குள் தலையை மழித்துப் பாலாற்று ஊற்றில் முழுகியிருந்தேன், அவள் சொல்லித்தான். மொட்டைத் தலையோடு கூடத்துக்குள் நுழைந்ததும் ஓவியர் செம்மண் நிறத்தைக் குழைத்து, தட்டைக் கரண்டி மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்தார். மண்ணை முதலில் தள்ளவேண்டியது மகன் அல்லவா? மார்பின் மேல் மூன்று முறை தள்ளினேன். அக்கா விரலாலேயே கொஞ்சம் வைத்தாள். கை அப்பாவுக்குப் போட்டது. நெஞ்சு என்னவோ, எனக்குத்தான் போடுகிறார்கள் என்று கிடந்து அடித்துக்கொண்டது.

மிச்சத்தை ஓவியர் மூடினார். கால் போனது. கோணி போனது. வாய் போனது.

"திரும்பிப் பாக்காம வாடா," என்று அக்கா வாசலை நோக்கி நடந்தாள். சுடுகாட்டில் எல்லோருக்கும் சொல்வதுதான். நான் பார்த்துவிட்டேன். நுனி மூக்கு மட்டும் மண்ணுக்கு வெளியே இருந்தது. ஓவியர் அதன் மேலும் ஓர் இழுப்பு இழுத்தார்.

எனக்கு மூச்சு முட்டியது. வெளியே ஓடி வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தேன். அக்கா நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்க்கொண்டே இருந்தாள்.