தம்பியின் சைலன்சரும் என் பச்சைப் பேனலும்

என் தம்பியை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வீட்டுக்குள் "தண்ணி குடு" என்று கேட்டால் எதிர்வீட்டிலிருந்து டம்ளரோடு வருவார்கள். அப்படிப்பட்டவன் பைக்குக்குச் சத்தம் கூட்டுகிற சைலன்சர் மாட்டும் தொழிலுக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சின்ன வயதில் எந்தச் சத்தத்துக்கு அடி வாங்கினானோ, அதே சத்தத்துக்கு இப்போது கூலி வாங்குகிறான்.

ஒரே தகரக் கொட்டகையில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. நடுவில் பிளைவுட் தடுப்பு. பைக்கின் இரு பக்கமும் மூடுகிற பிளாஸ்டிக் பேனல்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பிழைப்பு. தேய்த்து, அடித்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கி அனுப்புவேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இவன் அதே வண்டிக்குத் தடியாக ஒரு சைலன்சரை மாட்டி, அதன் குழாயைப் பேனலோடு உரச விடுவான். சூட்டில் பேனல் கொப்பளித்து, வண்டி என்னிடமே திரும்பி வரும். "உனக்குத்தானேக்கா வேலை வருது?" என்று இளிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல் டாக்டரின் வண்டியோடு என் பொறுமை போய்விட்டது. அது கரும்பச்சை. அந்த நிறத்தைக் கலந்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது. பேனலை மாட்டிய மறுநாளே, புதுச் செருப்பு கடித்த குதிகால் போல அதில் ஒரு கொப்புளம்.

"இத திரும்ப அடிச்சுத் தரேன். இதுக்கப்புறம் ஒரு பேனல் கொப்பளிச்சாலும் நான் கடைய மாத்திடுவேன். அடுத்த தெருவுல இடம் பாத்தாச்சு" என்று தம்பியிடம் சொன்னேன். வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே பார்த்திருந்தேன். டமாரம் வாயடைத்து நின்றதை வேடிக்கை பார்க்க எதிர்க் கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனான். டாக்டர் வண்டியில் பழைய பேனல் ஒன்றை மாட்டி, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, பேனலின் வெளிப்பக்கம் ஒரு துண்டு மெழுகுவத்தியைப் பதித்து எஞ்சினை ஓட விட்டான். மெழுகு உருகினால் பேனலுக்கும் ஆபத்து என்பது அவன் கணக்கு. உருகி வழிந்தது. குழாய்க்கும் பேனலுக்கும் நடுவே ஒரு தகடு வைத்தான். அப்போதும் வழிந்தது. தகடு எதிலும் ஒட்டாதபடி வாஷர் கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டான். இப்போது ஓரம் மட்டும் இளகியது. இதற்குள் வீட்டில் கரண்ட் போனால் ஏற்ற ஒரு மெழுகுவத்திகூட மிச்சமில்லை.

டாக்டர் வரும் நாள் காலையில், அந்த ஓரமும் இளகக் கூடாது என்று, சூடு தாங்கும் கண்ணாடி நார்ப் பட்டையைக் குழாய் முழுக்கச் சுற்றினான். காலில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நின்றது வண்டி. என் பச்சைப் பேனலை மாட்டினோம். டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்து ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். அவருக்குக் கீழே குபுகுபுவென்று புகை!

அந்தப் பட்டை முதல் தடவை சூடாகும்போது அப்படித்தான் புகையுமாம். அதிலுள்ள பசை எரிந்ததும் தானாக அடங்கிவிடுமாம். தம்பிக்கு இது தெரியும், எனக்குத் தெரியாது. அவன் கையை ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறான். அவன் மாட்டிய சைலன்சரின் சத்தத்தில் அவன் குரலே எடுபடவில்லை. நான் பேனல் தேய்க்கும் உப்புத்தாளை நனைக்கிற அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கி, வண்டி, டாக்டர் என்று பாகுபாடு பார்க்காமல் ஊற்றிவிட்டேன்.

சாம்பல் நிறத்தில் நின்ற டாக்டர், "என்னம்மா, எனக்கும் சேத்து பெயிண்டா?" என்றார். நல்ல மனுஷர்.

புகை அடங்கிய பிறகு வண்டியை நெடுநேரம் ஓட விட்டோம். பேனலில் கை வைத்துப் பார்த்தேன். லேசான சூடுதான். டாக்டர் ஈரத்தோடு கிளம்பிப் போனார்.

தம்பி எப்போதும் தடுப்புக்கு மேலேயே கத்துகிறவன், அன்று சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"இப்பவும் போறியாக்கா?"

"அதான் சூட்டுக்கு வழி கண்டுபிடிச்சிட்டியே. இனி நான் பக்கத்துல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"நீ அடிச்ச பெயிண்ட்டுன்னுதான் இவ்வளவு மெனக்கெட்டேன். நீ போயிட்டா நான் யாருக்காக பாத்துப் பாத்து மாட்டணும்?"

நான் காலி வாளியை எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். என் முகத்தை அவன் பார்த்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

"அடுத்த வண்டி வெயில்ல நிக்குது பாரு. பேனலக் கழட்டி இந்தப் பக்கம் குடு" என்றேன்.