ஈரம் தட்டிய இடம்

போன மாதம் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் ஒரு வீட்டுக்கு மண் இறக்கப் போனேன். தோட்டத்து மண், கூழாங்கல், மரத்தூள் எல்லாம் விற்கிற முற்றம் ஒன்றில் லொறி ஓடுவதுதான் இப்போது என் வேலை. வீட்டுக்கார அன்ரி எங்கள் ஆள். வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, எங்கட வளவு முழுக்கக் களி. மழை பெஞ்சா ஒரு கிழமைக்குத் தண்ணி நிக்கும். உந்த மண்ணிலையும் நிக்குமோ?"

"நிக்காது அன்ரி. உடன இறங்கிடும்."

அவர் நம்பவில்லை. நான் கொட்டிய குவியலின் மேல் குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. குவியல் கறுத்தது, அவ்வளவுதான். அப்போதுதான் அந்த வாசனை எழும்பியது. மழை நாள் மண்வாசனை என்று எல்லாரும் சொல்வார்களே, அது இல்லை. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் அழுகிய பேரிக்காய் இலை, அடியில் எங்கோ குளிர்ந்த கல்லின் மணம். லொறியின் பின்கதவை மூட மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று அன்ரி கேட்டார். தேத்தண்ணி தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். தேத்தண்ணிக்கும் இந்த வாசனைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணைப் பற்றிப் படித்தவன் இல்லை நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று சொல்லிக்கொள்வது ஒரு மரியாதைக்காக. அதன் பிறகு ஓர் இடத்தில் நிலையாக இருந்தது குறைவு. டோஹாவில் சாரம் கட்டினேன். இங்கே வந்து கோழி வெட்டும் ஆலையில் நின்றேன், கரட் பிடுங்கினேன், ஸ்ட்ரோபெரி ஆய்ந்தேன். முதுகு ஒரு வேலையைப் பழகுவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவேன். இப்படி அலைந்துதான் மெல்பேர்னுக்கு மேற்கே, நெடுஞ்சாலை மலையை விட்டு இறங்கும் ஒரு பள்ளத்தாக்கில், மரியோ என்ற இத்தாலியக் கிழவரின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பேரி, அப்ரிகொட், இடையிலே லெட்டூஸ். அங்கே எனக்கு முன்பே வேலைக்கு வந்திருந்தவன் யோகன்.

யோகன் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கத்தவன். வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். படகில் வந்தவன். மனைவி வசந்தியும் மகளும் ஊரில். அவனிடம் இருந்த விசா வேலை செய்ய விடும், குடும்பத்தைக் கூப்பிட விடாது. அதை மாற்றித்தரச் சொல்லி ஒரு வக்கீல் மூலம் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். காத்திருக்கிறவர்கள் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். யோகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்ணில் நடப்பான். பனி விழுந்த காலையிலும் நடப்பான். மரியோ கொட்டிலில் இருந்து "பூட்ஸ்! பூட்ஸ்!" என்று கத்துவார். யோகன் ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு கையைக் காட்டுவான். அந்த மனிதருக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்து, கடைசியில் எங்கள் இருவருக்கும் கொட்டிலின் பின்னால் ஒரு மூலையைக் காட்டி, "உங்கள் சாமான் எதையாவது நட்டுக்கொள்ளுங்கள்" என்றார். யோகன் அன்றைக்கே சின்ன வெங்காயத்துக்குப் பாத்தி கட்டத் தொடங்கிவிட்டான்.

அந்த மண் எப்படிப்பட்டது என்று எங்களுக்குச் சொன்னவள் ஒரு பெண்பிள்ளை. மரியோ யாரிடமோ கேட்டு மண் சோதிக்க வரவழைத்திருந்தார். நீளமான துளையூசியைத் திருகித் திருகி இறக்கி, வந்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் வந்த ஒழுங்கிலேயே அடுக்கினாள். மேலே கோப்பித்தூள் போலக் கறுப்பு. அதன் பிறகு கபிலம். பிறகு மஞ்சள் கலந்த கபிலம். அதற்கும் கீழே மணல், மணலோடு உருண்டைக் கற்கள். ஒரு கல்லைக் கழுவி எங்கள் கையில் தந்தாள். ஒரு பக்கம் தட்டையாக, ஆணியால் கீறினமாதிரிக் கோடுகள்.

பனிக்கட்டி கீறிய கோடுகளாம். நினைக்க முடியாத பழங்காலத்தில் இங்கே பனி மலைமலையாக ஊர்ந்து கல்லையெல்லாம் அரைத்ததாம். பனி உருகி ஓடிய வெள்ளம் அரைத்ததைக் கொண்டுவந்து பரப்பியதாம். பெரிய கல்லும் மணலும் கீழே, பொடி மேலே. அந்தப் பொடியில் காலம் காலமாக வேரும் இலையும் அழுகி இந்த மண் ஆனதாம். களியும் இல்லை, வெறும் மணலும் இல்லை; பிடித்தால் உருண்டையாகும், தட்டினால் உதிரும். தண்ணீரைத் தேக்காது, ஆனால் வேருக்குத் தேவையானதை வைத்துக்கொள்ளும். வேர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இறங்கலாம், குறுக்கே எதுவும் நிற்காது. இப்படி ஒரு மண் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றாள்.

"ஐஸ்பெட்டிக்குள்ள வைச்ச மண் மச்சான், அதுதான் பழுதாகேல்லை" என்றான் யோகன். கீறல் கல்லைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்தப் பிள்ளை மண்ணின் நல்ல குணங்களைச் சொன்னாள். சொன்னது எல்லாம் சரி. ஒரு குழி வெட்டினால் அதே குணங்கள் என்ன செய்யும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பேரி நடுகிறவர்களிடம் அதை ஏன் சொல்லவேண்டும்?

வெங்காயம் நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் தண்ணீர் போதவில்லை. மரியோவின் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். வெயில் தொடங்கியதும் முறை தள்ளித் தள்ளிப் போனது. விட்ட தண்ணீரோ அன்றே கீழே போய்விடும். பேரி மரத்துக்கு வேர் ஆழம், கவலையில்லை. வெங்காயத்துக்கு வேர் எங்கே இருக்கிறது?

அந்தத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது பெரிய பேரி மரத்தின் கீழே மட்டும். மதியச் சாப்பாட்டு நேரம் யோகன் அங்கே குந்தியிருந்து வசந்தியோடு கதைப்பான். வீடியோவில் பாத்தியைக் காட்டுவான், வானத்தைக் காட்டுவான், என்னைக் காட்டுவான். நான் வாயில் பாணோடு கும்பிடுவேன்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. கிணறு எங்கை?" என்று ஒருநாள் வசந்தி கேட்டாள்.

"கிணறு இல்லை. வாய்க்கால்."

"அப்ப வாய்க்கால் வாற அண்டைக்குத்தான் குளிக்கிறியளோ? அண்ணை, உங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன். மணக்கேல்லையோ?"

"இஞ்ச குளிக்கிறதுக்கு வீட்டிலை பைப் இருக்கடி!"

"பைப் கொழும்பிலையும் இருக்கு. கிணறில்லாத காணிக்கு நான் வரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. வசந்தி பகிடிக்குச் சொன்னது. யோகன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. விசா அவன் கையில் இல்லை. வக்கீல் கையிலும் இல்லை. கிணறு வெட்டுவது மட்டும் அவன் கையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கொட்டிலின் பின்னால், பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை நட்டு, கயிற்றால் வட்டம் போட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண் பகுதியில் கிணறு வெட்டுகிறபோது நெஞ்சளவு மண் போகும், அதன் பிறகு கல்லு. சுண்ணாம்புக் கல்லு. அதை உடைப்பதுதான் பாடு. அலவாங்கு போட்டு, ஆப்பு வைத்து, கை கொப்புளித்து உடைப்பார்கள். ஆனால் கல்லு வந்துவிட்டால் பயமில்லை. அதுவே சுவராக நிற்கும், காலத்துக்கும் நிற்கும். யோகனும் நானும் பிறந்தது முதல் எட்டிப் பார்த்த கிணறுகள் எல்லாம் அப்படிப்பட்டவை. கிணற்றுச் சுவர் விழும் என்ற எண்ணமே எங்களுக்குக் கிடையாது.

"கல்லு வரட்டும், பிறகு பார்" என்பதுதான் அவன் பேச்சு.

கல்லு வரவில்லை. அலவாங்கு தொடாமல் மண்வெட்டியாலேயே இறங்கினோம். வேலையா அது! எங்கள் ஊரில் ஒரு மாதம் உடைப்பதை ஒரு சனி ஞாயிறில் வெட்டினோம். அந்தப் பிள்ளை விரிப்பில் அடுக்கிக் காட்டிய நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அதே ஒழுங்கில் வந்தன. கறுப்பு, கபிலம், மஞ்சள். யோகன் உள்ளே நின்று நிரப்புவான், நான் மேலே நின்று இழுப்பேன். மரியோ ஏதோ உரக்குழி என்று நினைத்துக்கொண்டு போனார். சுவர் வெட்டிய கேக் மாதிரி நேராக நின்றது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டோம் என்று சொல்ல இப்போது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பெருமைப்பட்டோம்.

மணல் தொடங்கிய பிறகு சுவரில் இருந்து இடைக்கிடை கல் உருளும். "எலி ஓடுது" என்பான் யோகன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் உள்ளேயிருந்து கத்தினான். "மச்சான்! ஈரம் தட்டுது!"

ஒரு பிடி மணலை வாளியில் போட்டு அனுப்பினான். கையில் எடுத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பிழிந்தால் துளி விழவில்லை, ஆனால் உள்ளங்கை நனைந்தது. அந்த வாசனைதான். இரும்பு, அழுகிய இலை, குளிர்ந்த கல்.

"இண்டைக்கு வசந்திக்குக் காட்டலாம்" என்றான். "நீ போய்த் தேத்தண்ணி போடு. நான் இன்னும் கொஞ்சம் கிண்டிப்போட்டு ஏறுறன். சீனி கூடப் போடு, இண்டைக்கு நல்ல நாள்."

கொட்டிலில் கேத்தில் கொதித்தது. சீனி கூடப் போட்டேன். இரண்டு கோப்பையோடு திரும்பி வரும்வரை எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நிலம் சரிந்தால் இடி மாதிரிக் கேட்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழி இருந்த இடத்தில் அகலமாக ஒரு பள்ளம் இருந்தது. ஏணியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. ஓரத்து மணல் இன்னும் மெல்ல உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கையால் கிண்டினேன். எடுக்கிற ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு பிடி உள்ளே வந்தது. தேக்காத மண், உதிரும் மண், குறுக்கே எதுவும் நிற்காத மண். மரியோ ஓடி வந்து என்னை இடுப்பில் பிடித்து இழுத்தார். அந்த வயதில் அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. தீயணைப்புக்காரர்கள் வந்து பலகை அடித்து, ஆளை ஆள் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெயில் மலைக்குப் பின்னால் போவதற்குக் கொஞ்சம் முன் யோகனை மேலே எடுத்தார்கள். காலில் சப்பாத்து இல்லை.

உடலை எரித்தது மெல்பேர்னில். வசந்தி போனில் பார்த்தாள். யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். சாம்பலை ஊருக்கு அனுப்பினோம். பைக்குள் இருந்த கீறல் கல்லையும் பொலிஸ் ஒரு உறையில் போட்டுத் தந்தது. அதையும் சேர்த்து அனுப்பினேன். அது என்ன கல் என்று விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு கிழமை கழித்து வசந்தி போன் எடுத்தாள். அழவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். தண்ணி வந்ததோ?"

"ஈரம் தட்டினது தங்கச்சி."

பிறகு சொன்னாள்: "அப்ப கிட்டத்தான் இருந்திருக்கு."

மரியோ பள்ளத்தை டிராக்டரால் மூடினார். வசந்தகாலம் வந்தபோது எந்த இடம் என்று அவரும் நானும் வாய்த்தர்க்கப்பட்டோம். நல்ல மண் எந்த அடையாளத்தையும் வைத்திருப்பதில்லை. நான் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. சிட்னிக்குப் போய் கிரவீனில் ஒரு அறையில் இருந்துகொண்டு வெயர்ஹவுஸ் வேலை செய்தேன். அதுவும் சரிவரவில்லை, திரும்பி வந்தேன். அதற்குள் மரியோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார், பிள்ளைகள் காணியை விற்றுவிட்டார்கள். பேரி மரங்களைப் பிடுங்கிக் குவித்து எரித்தார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கறுப்பு மண் தேவையில்லை. சுரண்டி எடுத்து விற்றுவிடுவார்கள். எங்கள் முற்றமும் வாங்கியது. நோபல் பார்க் அன்ரியின் குவியல் அந்தத் தோட்டத்து மண்தானா என்று எனக்குத் தெரியாது. பல இடத்து மண்ணையும் கலந்துதான் விற்பார்கள். மூக்கு சொன்னது, அவ்வளவுதான்.

அன்ரி வீட்டில் இறக்கிய அன்றைக்கு வெறும் லொறியை முற்றத்துக்குக் கொண்டுபோகாமல் மேற்கே விட்டேன். முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன், அது வேறு கதை. பள்ளத்தாக்கில் தெருவுக்குத் தெரு பழத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரி வீதியில் ஒரு பேரி மரமும் இல்லை. கொட்டில் இருந்த பக்கம் என்று நான் கணிக்கிற இடத்தில் இப்போது ஒரு குளம். கூரைகளும் தார்ரோட்டுமாகிவிட்டதால் மழைத்தண்ணீருக்குப் போக வழியில்லை, ஆகவே ஓரிடத்தில் தேக்கவேண்டுமாம். இந்த மண்ணில் தண்ணீர் தேங்காதே என்று அங்கே நடை பழகிக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபிப் பெரியவரிடம் சொன்னேன். களிமண் கொண்டுவந்து அடியில் பூசினார்கள், கட்டும்போது பார்த்தேன் என்றார். தண்ணீரில் வாத்துகள். ஓரத்தில் ஆழம் என்று எச்சரிக்கைப் பலகை.

போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். வசந்தியின் விசாக் கதை யோகனோடு முடிந்துவிட்டது, அவள் ஊரில்தான் இருக்கிறாள். மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் இப்போது குடிக்க ஏலாதாம், வலை போட்டு மூடியிருக்கிறார்கள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள். படத்தை அனுப்பி, "யோகன் வெட்டின இடத்தில இப்ப தண்ணி நிக்குது" என்று எழுதினேன்.

லொறியில் ஏறி இருந்தபோது பதில் வந்தது.

"உது கிணறில்லை அண்ணை."