முறை வெச்சு எரிஞ்ச கேஸ்

சாணி கேஸ் வந்த புதுசுல எங்க மூணு வூட்டுப் பொம்பளைங்களுக்கும் தலைகால் புரியல. இண்டூர்ப் பக்கம் நாலஞ்சு வூடு மட்டும் இருக்கிற எங்க கொட்டாயில ஒரு வூட்டு மாட்டுச் சாணியை வெச்சுக் கலன் கட்ட முடியாது. அதனால எங்க வூடு, என் ஓரகத்தி வூடு, அடுத்தாப்புல கன்னடம் பேசுற அக்கா வூடு, மூணும் சேர்ந்து ஒரே கலனாக் கட்டினோம். அந்த அக்கா பட்டுப்புழு வளர்த்தாங்க. நாங்க கூப்பிடறதே புழு வூட்டு அக்கான்னுதான். மாடு அவங்ககிட்டதான் அதிகம். கலனுக்குப் போற சாணியில பெரும்பங்கு அவங்களது.

கேஸ் சேரச் சேரக் குழிக்கு மேல கவுத்து வெச்ச இரும்பு டிரம் மெல்ல ஏறும், எரிக்க எரிக்க இறங்கும். வாசல்ல நின்னு பார்த்தாலே இன்னிக்குக் கஞ்சியா சோறான்னு சொல்லிடலாம்.

கொஞ்ச நாள்தான் அந்தச் சந்தோஷம். விடிஞ்சதும் மூணு வூட்டுலயும் ஒரே நேரத்துல அடுப்பைத் திறப்போம். குழாய்ல கடைசி வூடு புழு வூட்டு அக்காவுது. எங்க அடுப்பு நீலமா எரியும், அவங்க அடுப்பு மினுக்குனு ஒண்ணு காட்டிட்டு அணைஞ்சிடும். வேற வழியில்லாம விறகை மூட்டுவாங்க. புகை புழு இருக்கிற அறைக்குள்ள போகும். புகை பட்டா புழு தழை தின்னாது.

ஒருநாள் கூடையோட வந்து நின்னாங்க. "ஏம்மா, சாணி போடறதுல நான் தலைமடை, கேஸ் வர்றதுல கடைமடையா? இந்தப் புழு கூடு கட்டி முடியற வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எங்க சாணி எங்க குப்பைக்குழிக்கு. உங்க கேசும் வேணாம், ஒண்ணும் பேடா."

அவங்க சாணி நின்னா கலனே நின்ன மாதிரி. திரும்பவும் ஊதுகுழலும் கண்ணெரிச்சலுமா!

பயத்துல நானும் ஓரகத்தியும் ஒரு காரியம் பண்ணோம். நிறைய போட்டா நிறைய வரும்னு அக்கம்பக்கத்துச் சாணியெல்லாம் வாரிக் கரைச்சு ஊத்தினோம். மறுநாள் டிரம் ஒரு விரக்கடை கூட ஏறல. கழிவு மட்டும் மறுபக்கம் பொங்கி வாழைப்பாத்தியை நிறைச்சுது. என் வூட்டுக்காரர் பார்த்துட்டு, "காலைல கோழிக்குத் தீனி வெச்சுட்டு மத்தியானம் முட்டை எங்கன்னு கேக்கறீங்களே"ன்னு சிரிச்சார். சாணி புளிச்சு கேஸாக நாளாகும்னு அப்பதான் புத்தியில ஏறுச்சு.

அன்னிக்குச் சாயந்திரம் மூணு பேரும் டிரம் பக்கத்துல உக்காந்தோம். எங்க பக்கம் பங்குக்கெணறு உண்டு. இன்னார் காலைல இறைக்கணும், இன்னார் மதியம்னு முறை இருக்கும். அதே மாதிரி கேசுக்கும் முறை வெச்சா என்னன்னு கேட்டேன்.

"கெணத்துல பங்குக்குத் தக்கன முறை. இங்க சாணிக்குத் தக்கனயா?"ன்னா ஓரகத்தி.

புழு வூட்டு அக்கா மறுத்தாங்க. "பங்கு எவ்வளவுன்னு கேக்காத, பசி எப்பன்னு கேளு. விடியக்காலைல புழுவுக்குத் தழை போடவே எனக்குக் கை பத்தாது. அப்ப கேஸ் வந்து என்ன பண்ணப் போறேன்?"

அப்புறம் ஒவ்வொரு வூட்டு அடுப்பையும் பேசினோம். என் வூட்டுக்காரர் முதல் பஸ்ஸுக்குத் தர்மபுரி போகணும், அதனால விடியல் எனக்கு. தழை போட்டு முடிச்சதும் அக்காவுக்கு. ஓரகத்தி வூட்டுல காலைல பழைய களியும் மோரும்தான், அவ காட்டுக்குச் சோறு கொண்டுபோக உச்சிக்கு முன்னாடி மூட்டினா போதும். கொள்ளுப்பயறை ராத்திரியே ஊறப்போடணும், பச்சையா ஏத்துனா அது டிரம்மையே குடிச்சிடும். சாயந்திரம் முறையைத் திருப்பி, அக்காவுக்கு முதல்ல.

"இவ்வளவு கணக்குப் பார்த்தும் பொழுதுசாய டிரம் ஏன் தரையில கிடக்குது?"ன்னு முறை வெச்ச நாலாம் நாள் அக்கா கேட்டாங்க. ஓரகத்தி தலை குனிஞ்சு புல்லைக் கிள்ளினா.

"அவரு வெந்நியில்லாம குளிக்க மாட்டாருங்க..."

"அடிப்பாவி! மாப்பிள்ளை முதுகுல ஊத்துனியா எங்க கேசை?" அக்கா அடிச்ச அடியில அவ முதுகுதான் வெந்நி ஊத்துன மாதிரி சிவந்துச்சு. கரும்புச் சோகை எரிச்சு வெந்நி வெச்சுக்கோன்னு தீர்ப்பாச்சு.

புழு பெரிசாகிப் பேய் மாதிரித் தழை தின்ன சமயத்துல அடைமழை பிடிச்சுது. விறகெல்லாம் நனைஞ்சு போச்சு, ரேஷன்ல மண்ணெண்ணெய் இல்லை. குளிருக்குக் கேசும் கம்மியாத்தான் ஊறுச்சு. சாயந்திரக் காப்பியை நிறுத்தினோம், ரெண்டு குழம்பை ஒண்ணாக்கினோம். மூணு அடுப்பும் அவங்கவங்க முறையில எரிஞ்சுது. அக்கா வூட்டுல விறகுப் புகையே எழல.

புழு மூங்கில் தட்டியில ஏறிக் கூடு கட்டி முடிச்ச மறுநாள், சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு, சாணிக்கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு அக்கா வந்தாங்க. அவங்க வெச்ச கெடு முடிஞ்சிடுச்சு. ஓரகத்திக்கு வாய் சும்மா இருக்குமா?

"கூடு கட்டியாச்சே அக்கா, சாணியைக் குப்பைக்குழிக்கு எடுத்துட்டுப் போகலையா?"

"எடுத்துட்டுப் போயி உன் மூஞ்சில பூசவா? தள்ளுடி." கூடையைக் கரைக்கிற தொட்டியில கொட்டினாங்க. கையைக் கூடக் கழுவாம என் பக்கம் திரும்பினாங்க. "கொட்டாய்க் கோடி வூட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா. பத்தவெக்க ஒரு சுள்ளி இல்ல அவளுக்கு. என் முறையில பாதியை அவளுக்கு விடு. மழை விட்டதும் அவங்க மாட்டுச் சாணியையும் இங்கயே கொட்டச் சொல்லியிருக்கேன்."

அவளுக்குப் பால் காய்ச்சிக் குடுக்க, அவ வூட்டுப் பால் சொம்பை வாங்க நான் ஓடினேன்.