மாமாவுக்காக நான் நிரப்பிய விண்ணப்பம்

பிள்ளைகளே, எனக்குப் பதினொரு வயதில் மலேசியாவில், கிள்ளான் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பி வேலை தேடி வந்து எங்களோடு தங்கினார். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு, பள்ளி விட்டு வந்தால் பேச ஓர் ஆள் கிடைத்தார். வேலை அமையாவிட்டால் ஈப்போவுக்கே திரும்பிவிடுவேன் என்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

அப்பா கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். அங்கே ஆள் எடுத்தார்கள். மாமாவுக்கு மலாய் எழுத வராது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சொந்தக்காரர் யாராவது இங்கே வேலை செய்கிறாரா என்று ஒரு கேள்வி இருந்தது.

"அத விட்டுரு லா மாப்ளே. தெரிஞ்சா உங்கப்பா பக்கத்துல போட மாட்டாங்க," என்றார் மாமா.

எனக்கு அது புத்தியில்லாத பேச்சாகப் பட்டது. சூப்பர்வைசர் பெயரைப் பார்த்தால் யார்தான் வேலை தரமாட்டார்கள்? அவர் குளிக்கப் போனதும் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன்.

வேலை கிடைத்தது, ஆனால் வேறு ஊரில், பந்திங் கிளையில். தங்குவதும் அங்கேயே.

துணிகளைப் பையில் திணித்தபடி மாமா கேட்டார்: "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"சொன்னேன். இவன் என் மச்சான், நேர்முகத்துல நான் உட்கார மாட்டேன், எனக்குக் கீழ போடாதீங்கன்னு சொன்னேன்."

"ரொம்ப உதவிதான்."

"நீ லேட்டா வந்தா நான் ரிப்போர்ட் எழுதணும். எழுதாட்டி மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

மாமா பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏறினார். பல மாதம் வரவில்லை. தீபாவளிக்கும் அம்மாவிடம் போனில் பேசியதோடு சரி.

நான் கேரம் பலகையில் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து தனியாகவே ஆடினேன். ஒருநாள் அப்பா வந்து, "நான் ஆடட்டுமாடா?" என்றார். காய்களை அள்ளி டப்பாவில் போட்டு மூடினேன். அப்பா தன் சட்டையை இஸ்திரி போடப் போனார்.

தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களோடு தேநீர்கூடக் குடிக்காதவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ரொட்டிச்சானாய் கடையில் அவர் எதிரே உட்கார்ந்து அவரைச் சிரிக்க வைத்தது மாமா ஒருவர்தான். அப்படிப்பட்டவரைத்தான் அப்பா தன் வாயாலேயே தள்ளி அனுப்பியிருந்தார். மாமா இல்லாமல் தவிப்பது அந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.