அவங்க வாசிப்பாங்க

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களில் ஒருவர்கூட அவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கைபடாத விரிப்பில் அங்கே யாரும் படுத்ததும் இல்லை. அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், இஸ்திரி மிஷின் முன்னால் பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். வலது கையால் விரிப்பை இழுத்துவிட வேண்டும், இடது கையால் சுருக்கத்தை நீவ வேண்டும், வலது கால் மிதித்தால் மேல்பலகை இறங்கும், இடது கால் மிதித்தால் ஆவி புஸ்ஸென்று கிளம்பும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் ஒரு வாரம் கையும் ஓடாது, காலும் ஓடாது. இவளுக்கு இரண்டும் ஓடும், அதுவும் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாக ஓடும். போதாக்குறைக்கு வாய் வேறு பாடிக்கொண்டிருக்கும்.

எதிரே நாலு துவைக்கும் மிஷின்கள். மூன்று நல்ல பிள்ளைகள், நாலு நாலாகத் தட்டிக்கொண்டு சுற்றும். நாலாவதற்கு மட்டும் அச்சில் என்னவோ கோளாறு. ஆறு தட்டு ஒழுங்காகத் தட்டிவிட்டு ஏழாவதில் ஒரு நொண்டு நொண்டும். மெக்கானிக் மூன்று தடவை கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். சூப்பர்வைசருக்கு அந்தச் சத்தம் தலைவலி. இவளுக்கோ அது பாட்டு. அந்த மூன்றும் ஒரு பக்கம் போக, இது தன்பாட்டுக்கு ஏழு ஏழாகப் போய், இருபத்தெட்டாவது தட்டில் நாலும் டம்மென்று ஒன்றாக வந்து சேரும். அந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அழுக்கு விரிப்போடு சுருட்டிக்கொண்டு என்னென்னவோ வந்து விழும். மூக்குக்கண்ணாடி, பல் செட், ஒற்றைச் செருப்பு. ஒருநாள் ஒரு கேசட் விழுந்தது. பேரில்லை, ஊரில்லை. ஒரு மாதம் வார்டு வார்டாகக் கேட்டும் சொந்தக்காரர் அகப்படவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டுக் கேட்டாள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு! குழல் வந்தது, போனது. கிடார் அலறியது, கெஞ்சியது. எங்கிருந்தோ வயலின் நுழைந்தது. எட்டாவது நிமிஷத்தில் தாளம் ஏழுக்கு மாறியதும் அவள் துள்ளி எழுந்துவிட்டாள்.

"என்னங்க, நம்ம நாலாவது மிஷினை யாரோ கேட்டிருக்காங்க!"

அவள் வீட்டுக்காரர் வேன் டிரைவர். தங்கமான மனுஷன், சங்கீதம் என்றால் மட்டும் ஹாரன் சத்தம் வரைக்கும்தான் தெரியும். காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "கேசட் கெட்டுப்போச்சு போலிருக்கே" என்றார்.

விரிப்பில் வரும் மூக்குக்கண்ணாடிகளை எதிர்வரிசைக் கண்ணாடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். கடைக்காரர் லென்ஸைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஒருநாள் அவள் கவுண்டரில் விரலால் ஏழு தட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கையிலிருந்த கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டார்.

"இதை எங்க கேட்டீங்க? இது புரோக்ரெசிவ் ராக்காச்சே! பாட்டுன்னா நாலு நிமிஷம்தானா, தாளம்னா ஒண்ணுதானான்னு கேட்டவங்க பண்ண வேலை. அதுல சில பேரு இருக்காங்க பாருங்க, ஒரே ஆளு பத்து வாத்தியம் வாசிப்பாங்க."

"பத்தா?" என்று கேட்டாள் அவள். அவளுடைய வாழ்க்கையின் மறுபாதி அந்த ஒற்றைக் கேள்வியில் தொடங்கியது.

சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில், ஆஸ்பத்திரியில் முன்பு நோயாளிகள் பொழுதுபோக்க வைத்திருந்த வாத்தியங்கள் தூசி படிந்து கிடந்தன. சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் எடுத்து வாசித்துக்கொள்ள அனுமதி கேட்டாள். "வேலை கெடாம என்னத்தையாவது ஊதிக்கோ, போ" என்றார் சூப்பர்வைசர். முதல் வருஷம் குழல். காற்று வந்ததே தவிர சத்தம் வரவில்லை. இரண்டாம் வருஷம் கிளாரினெட். சத்தம் வந்தது, மேல்மாடியிலிருந்து ஆள் வந்து என்ன விபத்து என்று விசாரித்தார். அதன் பிறகு வயலின், மாண்டலின், கீபோர்டு, சைலோஃபோன். அக்கார்டியனின் துருத்தியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பழைய ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டி அவளே சரிசெய்தாள். காலால் மிதித்து அடிநாதம் எழுப்பும் பெடல் கட்டைக்கு மட்டும் அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. அதைத்தான் தினமும் எட்டு மணி நேரம் மிதித்துக்கொண்டிருந்தாளே.

கண்ணாடிக்காரர் கடையின் பின்னறையில் கிடார் வைத்திருந்தார், குரலும் இருந்தது. ட்ரம்ஸுக்கு ஆள் வீட்டிலேயே கிடைத்தாள். அவளுடைய நாத்தனார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், அடித்தால் இடி இறங்கும். மூன்று பேர் குழு. வேலை முடிந்து அவள் வருவதற்கு அடையாளமாகத் தோளில் எப்போதும் ஒரு நனைந்த துண்டு கிடக்குமாதலால் குழுவுக்கு 'ஈரத்துணி' என்று பேர் வைத்தார்கள். ஆறு வருஷம் செதுக்கி அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். 'நாலாவது மிஷின்.' இருபத்திரண்டு நிமிஷம்.

சிக்கலே அந்த இருபத்திரண்டில்தான். எங்கே கேட்டாலும் பத்து நிமிஷம்தான் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பாட்டு முழங்கால் அளவுகூட வராது. ஒரே ஒரு தடவை, நூலக ஆண்டு விழாவில், நேரக் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். பாட்டின் நடுவில், பதினோராவது நிமிஷத்தில், எல்லா மிஷினும் ஒருசேர நிற்கிற மாதிரி இருபத்தெட்டு தட்டுக்கு ஒரு நிசப்தம் வரும். பாட்டின் உயிரே அங்கேதான். அந்த நிசப்தம் வந்ததும் முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து படபடவென்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது, எழுந்தது, போய்விட்டது. முதலில் தட்டியது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

"முடிஞ்சுதுன்னு நெனச்சேம்மா" என்று அசடு வழிந்தார். அவள் திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு வேனில் ஏறியதிலிருந்து வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டிய பாட்டு ஒரு தடவையாவது ஆள் முன்னால் முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவருக்கும் அது புரிந்தது.

இந்த நிலையில்தான் நகர மன்ற அரங்கத்து இசை விழா வந்தது. அரங்க மேனேஜர் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தார். மைக் எத்தனை, நாற்காலி எத்தனை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"நான் கிடார் சார். ட்ரம்ஸ் ஒருத்தங்க" என்றார் கண்ணாடிக்காரர், ஒரு கையில் போனும் மறு கையில் லென்ஸுமாக.

"கீபோர்டு?"

"இருக்காங்க. நல்லா வாசிப்பாங்க."

"குழல் வாசிக்கிறவங்க உண்டா?"

"இருக்காங்க சார். பிரமாதமா வாசிப்பாங்க."

"வயலின்?"

"ஓ, வாசிப்பாங்களே!"

இப்படியே கிளாரினெட், மாண்டலின், சைலோஃபோன், அக்கார்டியன், பெடல் என்று போயிற்று. ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் நம் பேச்சில் மரியாதைக்கும் கூட்டத்துக்கும் ஒரே 'அவங்க'தான். கண்ணாடிக்காரரோ அவளை ஒருநாளும் 'அவ' என்று சொன்னவர் இல்லை. மேனேஜர் அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணி, "பத்து பேரா! பத்து பேராவது இருந்தாத்தான் பெரிய மேடை. உங்களுக்கு அரை மணி நேரம் எழுதிக்கிறேன்" என்றார். கண்ணாடிக்காரர் காதில் அரை மணி நேரம் மட்டும்தான் விழுந்தது. அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

விழா அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். காலை ஷிப்ட் முடித்து அவள் நீலச் சீருடையிலேயே வந்து இறங்கினாள், கூடவே துணி மடிக்கும் மேசையின் சக்கர ஸ்டூலும் வந்தது. வீட்டுக்காரர் வேனிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். மேடையில் பத்து நாற்காலி, பத்து மைக், வரிசையாக. மேனேஜர் கையில் பட்டியலோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேருதான் வந்திருக்கீங்க. மத்தவங்க எங்க? கீபோர்டு, குழல், வயலின் எல்லாம்?"

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் போன் பேச்சு அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. மெல்ல அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவங்கதான் சார் அவங்க."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சீருடைச் சட்டையில் 'சலவைப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"நீயா? எட்டும் நீயா? ஏம்மா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? மூணு பேருக்கெல்லாம் மாடியில சின்ன ரூம்தான். பத்து நிமிஷம். சட்டுனு போங்க, போங்க."

நாத்தனார் கையிலிருந்த குச்சிகளைப் பிடித்த பிடியைப் பார்த்தால் மேனேஜரையே ட்ரம்ஸாக்கிவிடுவாள் போலிருந்தது. "அண்ணி, நீங்க தள்ளுங்க, நான் பேசிக்கிறேன்" என்றாள். அவள் நாத்தனாரைத் தடுத்துவிட்டு மேனேஜரிடம் கேட்டாள்.

"சார், பத்து நாற்காலி போட்டிருக்கீங்க இல்ல? பத்துலேர்ந்தும் சத்தம் வரும். பாட்டு முடியறதுக்குள்ள ஏதாவது ஒரு நாற்காலி சும்மா இருந்துச்சுன்னா திரையை இழுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அவள் மாடிக்குப் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கூட்டமும் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் வேறு வழியில்லாமல் திரைப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்" என்றார்.

எட்டு நாற்காலிகளையும் அவள் பிறைபோல வளைத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தை உட்காரவைத்தாள், பெடல் கட்டையை மட்டும் அதன் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்தாள். நடுவில் சக்கர ஸ்டூலில் தான் உட்கார்ந்தாள். திரை விலகியது. நாத்தனார் நாலு நாலாகத் தட்டினாள். அவள் கால் பெடலில் ஏழு ஏழாக நொண்டியது. அதன் மேல் இடது கை கீபோர்டில் படர, கண்ணாடிக்காரர் பாட, ஸ்டூல் சர்ரென்று நகர்ந்து குழலுக்குப் போனது. குழலிலிருந்து வயலின், வயலினிலிருந்து மாண்டலின். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஸ்டூல் எந்தப் பக்கம் போகும் என்று கழுத்தை நீட்டியது. கிளாரினெட் வந்தபோது மேனேஜர் வாய்விட்டு எண்ணுவதை நிறுத்தி மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தார். அவளுக்கோ இதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. இஸ்திரி மிஷின் முன்னால் நிற்கிற அதே சந்தோஷம்தான், ஆனால் இப்போது அது வெளியே கேட்டது.

பதினோராவது நிமிஷம். எல்லாம் நின்றது. நிசப்தம்.

மேனேஜர் நாற்காலிகளைப் பார்த்தார். சைலோஃபோனும் அக்கார்டியனும் வைத்தது வைத்தபடி இருந்தன. "ரெண்டு பாக்கி, பாட்டு முடிஞ்சுபோச்சு" என்று முணுமுணுத்தபடி பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கையை ஒரு கை பிடித்தது. வேன் டிரைவரின் கை, உடும்புப் பிடி.

"முடியல சார். இருபத்தெட்டு வரைக்கும் எண்ணுங்க" என்று கிசுகிசுத்தார். மறு கையின் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன. "பதிமூணு... பதினாலு..."

மேடையிலிருந்து அவள் பார்த்தாள். தாளமே தெரியாத மனுஷன், உதடு அசைய, நெற்றியில் வியர்வையோடு, அவளுடைய நிசப்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது அவளுக்கு. கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

"இருபத்தேழு" என்றார் அவர். அடுத்து டம்மென்று எல்லாம் ஒன்றாக விழுந்தது. சைலோஃபோன் தெறித்தது, அதன் பின்னாலேயே ரப்பர் ஒட்டுப்போட்ட அக்கார்டியன் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பியது. மேனேஜர் பொத்தானை மறந்துவிட்டார். மிச்சமிருந்த நேரம் பூராவும் அவர் கால் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்ததை நாத்தனார் கவனித்து வைத்துக்கொண்டாள், பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதற்காக.

இருபத்திரண்டு நிமிஷம் முழுசாக முடிந்தது. அரங்கம் எழுந்து நின்றது. இந்தத் தடவையும் முதலில் கைதட்டியது அவள் வீட்டுக்காரர்தான், ஆனால் சரியான இடத்தில்.

ஓய்ந்த பிறகு திரைக்குப் பின்னால் அவள் கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் குந்தி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேனேஜரின் போன் அடித்தது. விழாக் கமிட்டித் தலைவி அம்மா. அந்த அம்மா போட்ட சத்தத்தில் எதிர்முனைப் பேச்சும் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பத்து பேரும் வந்தார்களா, வாசித்தார்களா?

மேனேஜர் திரும்பி அவளைப் பார்த்தார். நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"வந்தாங்கம்மா. கீபோர்டு, குழல், வயலின் எல்லாம் அவங்க வாசிச்சாங்க. அப்படி வாசிச்சாங்கம்மா!"

வீட்டுக்காரர் அவள் காதருகே குனிந்து சிரித்தார். "கேட்டியா, நமக்காக எப்படிப் பொய் சொல்றாரு பாரு. பத்து பேரும் வந்த மாதிரி."

"பொய் இல்லைங்க" என்றாள் அவள். "அவங்கன்னு சொன்னது என்னை."